ஆறாம் ஆண்டோடு முடியாத பாடம்: பிறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர்கள் இரண்டு பேர். ஒருவர், மலேசியாவில், பினாங்கின் பிறை வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. இன்னொருவர், 2006 முதல் 2008 வரை அவருடைய வகுப்பில் படித்த மாணவர். இன்று பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மூத்த டெக்னீஷியன். அந்த மாணவர் பிறகு படித்த இடைநிலைப்பள்ளியில் நான் கவுன்சலிங் ஆசிரியராக இருந்தேன். இருவரிடமும் அனுமதி வாங்கி, தனித்தனியாகப் பேசி, பழைய ரிப்போர்ட் கார்டுகளையும் நோட்டுகளையும் பார்த்து இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். டீச்சர், தம்பி என்றே இருக்கட்டும். அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் அப்படித்தான்.

மூன்று ஆண்டு கணிதம் சொல்லிக்கொடுத்த ஒருவருடைய தாக்கம் ஒரு மனிதரின் வாழ்க்கையில் பதினைந்து ஆண்டுக்கு மேல் எப்படி நிற்கிறது? "அவங்க அன்பான டீச்சர்" என்ற பதில் எனக்குப் போதவில்லை. அன்பான ஆசிரியர்கள் பலரோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவர்களுடைய மாணவர்கள் அவர்களைப் பாசத்தோடு நினைக்கிறார்கள், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். ஆனால் தம்பி யோசிக்கும் விதத்திலேயே டீச்சர் இருக்கிறார். அது எப்படி வந்தது என்று தேடிப் பார்த்ததுதான் இந்த எழுத்து.

கேள்வியைப் படிக்க வராத பையன்

1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து இந்த மாநிலத்தில் தமிழ்க்கல்விக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. இன்று இங்கே 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் தமிழ்ப்பள்ளி என்பது ஆறாம் ஆண்டு வரைதான். அதன்பின் பெரும்பாலான பிள்ளைகள் மலாய்மொழியில் பாடம் நடக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள்.

தம்பி 1996இல் பிறந்தவர். 2003இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தார். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நாடு முழுக்கத் தொடங்கியது அதே ஆண்டுதான். ஆக, வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், கணக்கும் அறிவியலும் மட்டும் ஆங்கிலம், இடைநிலைப்பள்ளிக்குப் போனால் மற்ற பாடங்கள் மலாய். அப்பா லோரி ஓட்டினார். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தோட்டத்தை விட்டு வந்து மலிவு விலை பிளாட்டில் குடியேறிய குடும்பம். அப்பாவுக்கு மலாய் சரளமாகப் பேச வரும், எழுத வராது. ஆங்கிலத்துக்கு வீட்டில் ஆளே இல்லை.

"கணக்கு அவனுக்கு வரும் சார். கேள்வியைப் படிக்கத்தான் வராது" என்றார் டீச்சர். நான்காம் ஆண்டில் அவர் கவனித்தது இது: வாக்கியக் கணக்கு கொடுத்தால் தம்பி வாக்கியத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் பார்ப்பான். இரண்டு எண் இருந்தால் பெருக்குவான். ஒன்று பெரியதாகவும் ஒன்று சின்னதாகவும் இருந்தால் வகுப்பான். பாதி நேரம் விடை சரியாகக்கூட வந்துவிடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டீச்சர் செய்தது சின்ன வேலை. பென்சிலைக் கீழே வைக்கச் சொன்னார். "விடை அப்புறம். கேள்வி என்ன கேக்குது, அதைச் சொல்லு முதல்ல." தமிழில் சொன்னால் போதும். சொல்லி முடித்த பிறகுதான் பென்சிலைத் தொடலாம். ஐந்தாம் ஆண்டு நோட்டு ஒன்றைத் தம்பியின் அம்மா பத்திரமாக வைத்திருக்கிறார், நான் பார்த்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் மேலே தமிழில் ஒரு வரி. ஒரு கணக்கில் 50 ஆரஞ்சுப் பழங்களை எட்டு எட்டாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். மேலே எழுதியிருந்த வரி: "எல்லாப் பழத்தையும் வைக்க எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்கிறது." கீழே ஆறு, மீதி இரண்டு என்று வகுத்துவிட்டு, விடையை ஏழு என்று எழுதியிருக்கிறான். பெரியவர்களே ஆறு என்று எழுதிவிட்டு நகரும் கணக்கு அது.

ஆறாம் ஆண்டு முடிவில் அப்போது நடந்த அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆரில், 2008இல், கணிதத்தில் ஏ. மலாய் எழுத்துத் தாளில் டி. தமிழ், சீனப்பள்ளிப் பிள்ளைகள் மலாய்த் தாள்களில் குறைந்தது சி எடுக்காவிட்டால், இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் அப்போது உட்கார வேண்டியிருந்தது. தம்பி உட்கார்ந்தார். கூட்டாளிகள் முதலாம் படிவத்துக்குப் போன ஆண்டில் அவர் பின்தங்கினார்.

ரிப்போர்ட் கார்டைக் கொண்டு வா

ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் எல்லாப் பிள்ளைகளிடமும் டீச்சர் ஒரே விஷயத்தைச் சொல்லுவார்: புதுப் பள்ளியின் ரிப்போர்ட் கார்டைக் கொண்டு வந்து என்னிடம் காட்டு. சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் அவர் இலவச வகுப்பு நடத்தினார், அங்கே வந்தால் போதும். வந்தவர்கள் சிலர்தான். தம்பி வந்ததற்குக் காரணம் அவருடைய அம்மா. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் பையனைக் கையோடு இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார்.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வழிகாட்டியைப் பற்றிப் பேசும்போது வழிகாட்டியின் பெருந்தன்மையையே பேசுகிறோம். அந்த வாசலுக்குப் பிள்ளையைக் கொண்டு போய் விட்டவரை மறந்துவிடுகிறோம். அந்த அம்மா இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

புகுமுக வகுப்பிலிருந்து மூன்றாம் படிவம் வரை பெரிதாக எதுவும் நடக்கவில்லை. டீச்சர் கார்டைப் பார்ப்பார், இரண்டு கேள்வி கேட்பார், பசியாறிவிட்டுப் போகச் சொல்லுவார். அவ்வளவுதான்.

2013இல், நான்காம் படிவத்தில், தம்பி பள்ளிக்கு வருவதை நிறுத்தினார். எங்கள் பக்கத்திலிருந்து வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. ஒரு மோட்டார் பட்டறையில் நாள் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் தம்பியின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கே போனார். திட்டவில்லை. பட்டறை முதலாளியிடம், இங்கே அதிகம் சம்பாதிப்பவர் யார், அவர் என்ன படித்திருக்கிறார் என்று விசாரித்தார். முதலாளி வண்டியின் மின்சார வேலை பார்க்கும் ஒருவரைக் காட்டினார். அவரிடம் திறன் சான்றிதழ் இருந்தது. அப்புறம் தம்பியைப் பார்த்து, "கேள்வி என்னன்னு நீயே சொல்லு. பள்ளிக்கூடம் போறதா வேணாமாங்கிறதா? இல்ல, இந்த அண்ணன் மாதிரி ஆகணும்னா என்ன வேணுங்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் பையன் பள்ளிக்கு வந்தான்.

வகுப்பறையில் கணக்குக்குக் கேட்ட கேள்வியை டீச்சர் வாழ்க்கைக்குக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் முறை. ஆசிரியை வழிகாட்டியானது அங்கேதான் என்பது என் கணிப்பு. டீச்சருக்கே இதில் உடன்பாடில்லை. "அப்ப எனக்கு வேற என்ன கேக்கணும்னு தெரியல" என்கிறார்.

120 சொற்கள்

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வில் மலாய்மொழியில் தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். தம்பி 2014இல் எழுதினார். மறு ஆண்டு மார்ச்சில் முடிவு வந்தபோது கணிதமும் தமிழும் நன்றாக இருந்தன, வரலாறு தப்பித்துக்கொண்டது, மலாய் போய்விட்டது. மலாய்க்கு ஜூலையில் மறுதேர்வு இருந்தது. நாலு மாதம் கையில்.

டீச்சர் மலாய் ஆசிரியை இல்லை. கட்டுரைப் பயிற்சிக்குத் தன் தெருவில் இருந்த ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியை ஒருவரிடம் தம்பியைச் சேர்த்துவிட்டார். அந்த சிக்கு (மலாயில் ஆசிரியர்) காசு வாங்கவில்லை. இரண்டாம் தாளில் வரும் ருமுசானை மட்டும் டீச்சர் தானே எடுத்துக்கொண்டார். ஒரு பத்தியைப் படித்து 120 சொல்லுக்குள் சுருக்கி எழுதும் பகுதி அது. அப்போது அதற்கு 30 மதிப்பெண், அதில் 20 கருத்துக்கு, 10 மொழிக்கு.

தம்பி எழுதிய பழைய ருமுசான்களை டீச்சர் பார்த்தார். மொழி அவ்வளவு மோசமில்லை. ஆனால் பத்தி முழுவதையும் சுருக்கி வைத்திருந்தார். கேள்வி கேட்பதோ பத்தியின் ஒரு கூறை மட்டும்: ஒரு பழக்கத்தின் நன்மைகள், அல்லது ஒரு சிக்கலின் காரணங்கள். காரணங்களைக் கேட்டால் விளைவுகளையும் தீர்வுகளையும் சேர்த்து எழுதுவார். 120 சொல்லில் பாதி அதற்கே போய்விடும். நான்காம் ஆண்டில் எண்களைப் பார்த்ததும் பெருக்கிய அதே பையன்தான் இங்கேயும் பத்தியைப் பார்த்ததும் சுருக்கிக்கொண்டிருந்தான்.

மருந்தும் பழையதுதான். பேனாவைக் கீழே வை. கேள்வி எதைக் கேட்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுது. பத்தியில் அந்த வரிக்குப் பொருந்தும் வாக்கியங்களுக்கு மட்டும் கோடு போடு. மற்றதைத் தொடாதே. முதல் சில வாரங்கள் தம்பிக்குக் கையே ஓடவில்லையாம். கோடு போடாத வாக்கியங்களை விட்டுவிட மனம் வரவில்லை. அப்புறம் பழகிவிட்டது. ஜூலையில் தேர்ச்சி.

அவர்களுடைய சண்டை

சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் இருவருக்கும் மனத்தாங்கல் வந்தது. இந்தப் பகுதியைச் சொல்ல டீச்சர் தயங்கினார். இதுதான் முக்கியம் என்று நான் கேட்டுக்கொண்ட பிறகு சொன்னார்.

தம்பி ஏதாவதொரு வழியில் டிப்ளோமா படிப்புக்குப் போக வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. தன் மாணவன் ஒருவனாவது அந்தப் பக்கம் போய்ப் பொறியியல் படிக்க வேண்டும் என்று மனத்தில் வைத்திருந்தார். தம்பியோ தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர முடிவு செய்துவிட்டார். அந்த ஆண்டு அப்பாவுக்கு நீரிழிவால் காலில் புண் வந்து லோரி ஓட்ட முடியாமல் போயிருந்தது.

டீச்சர் கோபப்பட்டார். "இதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?" என்று கேட்டுவிட்டார். தம்பி பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார். சில வாரம் கோயில் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து சொன்னதை இருவருமே ஏறக்குறைய ஒரே மாதிரி நினைவு வைத்திருக்கிறார்கள்:

"டீச்சர், நீங்க 'எந்தப் படிப்பு பெருசு'ங்கிற கேள்விக்குப் பதில் சொல்றீங்க. என் வீட்டுல கேள்வி வேற. அடுத்த மாசம் காசு எப்படி வரும், படிப்பும் நிக்காம எப்படி? அதான் கேள்வி."

டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "சரி. அந்தப் பயிற்சித் தாளைக் கொண்டு வா, படிச்சுப் பாப்போம்" என்றார்.

தம்பி கொண்டு வந்தது தேசிய இரட்டைப் பயிற்சி முறையின் விவரம். 2005இல் அறிமுகமான திட்டம். பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கும். மீதி பாடம் பயிற்சி மையத்தில். உதவித்தொகையும் வரும், முடிவில் மலேசியத் திறன் சான்றிதழும் கிடைக்கும். டீச்சர் அதை வரி வரியாகப் படித்தார். மூன்றாம் நிலைச் சான்றிதழுக்குப் பிறகு நான்காம் நிலை டிப்ளோமா இருக்கிறது, ஐந்தாம் நிலையில் உயர்நிலை டிப்ளோமா இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பயிற்சி மையத்துக்குத் தம்பியோடு கூடவே போய், நான்காம் நிலைக்குப் போக என்ன நிபந்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

கற்றுக்கொடுத்தவரிடமே அந்தப் பாடத்தைத் திருப்பிச் சொல்ல ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்குத் துணிவு வந்தது. அதைக் கேட்டுக்கொள்ள டீச்சருக்கும் மனம் இருந்தது. இந்த உறவு அன்றைக்கு முறியாமல் போனதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். நம் ஆட்களிடம் குருபக்தி அதிகம். ஆசிரியர் சொன்னதை மீறிவிட்டால் முகத்தில் விழிக்கவே கூச்சப்பட்டு, உறவே வேண்டாம் என்று ஒதுங்கிவிடும் மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தம்பி திரும்பி வந்தது பெரிய விஷயம்.

மூன்றாம் நிலைச் சான்றிதழ் 2017இல் வந்தது. பிறகு வேலை பார்த்துக்கொண்டே நான்காம் நிலை. நடுவில் 2020 மார்ச் 18இல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பயிற்சி மையம் மூடிக்கிடந்தது. விட்டுவிடலாம் என்று தம்பி நினைத்த காலம் அது. அதற்குள் ஓய்வு பெற்றிருந்த டீச்சர் வாரம் ஒருமுறை போன் செய்து, மையம் எப்போது திறக்கிறார்களாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். 2021இல் டிப்ளோமா முடிந்தது.

அலாரம் என்ன சொல்லுது?

தம்பியின் தொழிற்சாலைக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. அவரிடம் பயிற்சி பெற்ற ஓர் இளைஞரைத் தனியாகச் சந்தித்துப் பேசினேன். டீச்சரைப் பற்றி அந்த இளைஞருக்கு எதுவும் தெரியாது.

மின்சுற்றுப் பலகையில் சின்னச் சின்ன உறுப்புகளை எடுத்து வைக்கும் இயந்திரம் அவர்களுடையது. உறுப்புகள் சுருள் நாடாவில் வரும். நாடாவை நகர்த்துவது பீடர்; உறுப்பை உறிஞ்சி எடுப்பது நாசில். சரியாக எடுக்காவிட்டால் அலாரம் அடித்து இயந்திரம் நின்றுவிடும். நின்ற ஒவ்வொரு நிமிடமும் நட்டம், அதனால் புதியவர்கள் ஓடிப்போய் நாசிலைக் கழற்றி மாற்றுவார்கள். "அண்ணன் கையைப் பிடிச்சுக்குவார்" என்றார் அந்த இளைஞர். "அலாரம் என்ன சொல்லுது, வாசிம்பார். எந்த பீடர், எந்த நாசில், எத்தனை தடவை. வாசிச்சுச் சொன்னாத்தான் ஸ்குரூடிரைவரைத் தொட விடுவார்." ஒரே நாசில் பல பீடர்களில் தவறவிட்டால் கோளாறு நாசிலில். பல நாசில்கள் ஒரே பீடரில் தவறவிட்டால் பீடரிலோ நாடாவிலோ. பதிவை வாசிக்காமல் நாசிலை மாற்றினால், பத்து நிமிடத்தில் அதே அலாரம் மறுபடி அடிக்கும்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது சிரித்தார். டீச்சர் மாதிரி பேசுகிறோம் என்று அவருக்கு அதுவரை தோன்றவே இல்லையாம்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்தும் நல்லபடியாகத் தலையெடுத்த பிள்ளைகளின் வாழ்க்கையில், குடும்பத்துக்கு வெளியே முன்மாதிரியாக அடிக்கடி வந்து நின்றவர் ஓர் ஆசிரியர். தம்பியின் கதை அந்த முடிவோடு ஒத்துப்போகிறது. ஆனால் எப்படி என்பதற்கு இன்னொரு ஆய்வு எனக்கு உதவியது. வேலையிடங்களில் வழிகாட்டி உறவுகளை ஆராய்ந்த கேத்தி கிராம், 1983இல் அந்த உறவுக்கு நான்கு கட்டங்களைச் சொன்னார்: தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, புது வடிவம். மூன்றாவது கட்டம் வலிக்கும். பல உறவுகள் அங்கேயே நின்றுவிடும். தாண்டியவை ஏறக்குறைய நட்பாக மாறும். 2015இல் கோயில் மண்டபத்தில் நடந்தது அந்த மூன்றாவது கட்டம். நான்காவதும் வந்துவிட்டது: போன ஆண்டு டீச்சர் தன் தங்கை மகனின் பாடத் தேர்வு பற்றித் தம்பிக்குப் போன் செய்து யோசனை கேட்டார்.

எல்லாவற்றையும் டீச்சர் கணக்கில் எழுதுவதும் நியாயமில்லை. அம்மாவைச் சொல்லிவிட்டேன். அந்த மலாய் ஆசிரியை இருக்கிறார். இன்னொன்று, இது பினாங்கு. 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை ஆட்களை எடுத்துக்கொண்டே இருக்கிறது. திறன் சான்றிதழோடு வருபவருக்கு இங்கே கதவு திறக்கும். இதே தம்பி, வேலை வாய்ப்பு குறைந்த ஒரு சிற்றூரில் இருந்திருந்தால் டீச்சரின் கேள்விக்கு இவ்வளவு நல்ல பதில் கிடைத்திருக்குமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

டீச்சரை இன்றும் உறுத்துவது ரிப்போர்ட் கார்டு கொண்டு வராத பிள்ளைகள். "வந்தவனைத்தான் நான் பார்த்தேன் சார். வராதவன்தான் ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பான்" என்றார். உண்மைதான். கூப்பிட்டு வைப்பது வேறு, தேடிப் போவது வேறு. ஆனால் அறுநூறு, எழுநூறு பிள்ளைகளை அனுப்பி வைத்த ஒருவர் அத்தனை பேரையும் தேடிப் போக முடியாது. அது தனி மனிதர் மேல் போடக்கூடிய சுமையும் இல்லை. பள்ளியும் பழைய மாணவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டிய வேலை.

இந்த நிகழ்விலிருந்து பார்த்தால், ஆண்டு முழுக்கப் பின்தொடரத் தேவையில்லை. பிள்ளைகள் நழுவும் நேரங்கள் தெரிந்தவை: முதலாம் படிவத்திலோ புகுமுக வகுப்பிலோ முதல் சில மாதங்கள், நான்காம் படிவத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம், எஸ்பிஎம் முடிவு வரும் வாரம். ஆறாம் ஆண்டுப் பெற்றோரின் எண்களைப் பள்ளி அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்து, இந்த மூன்று நேரத்திலும் தெரிந்த குரல் ஒன்று அழைத்துப் பேசினாலே நிறையப் பேரைப் பிடித்துவிடலாம். அழைப்பவர் அறிவுரை சொல்ல வேண்டாம். என்ன நடக்கிறது, அடுத்து எந்தத் தாளை நிரப்ப வேண்டும், எந்தத் தேதிக்குள், இதைக் கேட்டால் போதும். தம்பியும் அவர் வகுப்பில் படித்த சிலரும் இந்த வேலைக்கு முன்வந்திருக்கிறார்கள். இந்த யோசனையை எழுதி டீச்சரிடம் காட்டியபோது, பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் பேச அம்மாக்களில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அதையும் சேர்த்துப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.